வாக்கு எங்கே தொலைகிறது? வாக்குப்பதிவுத் தொழில்நுட்பத்தை ஆராயும் அரசியல் அறிவியலாளரின் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்களிக்க வந்த ஒருவரின் வாக்கு எண்ணிக்கையில் சேராமல் போனால் அது ஏன் போனது, அப்படி எத்தனை போயின, யாருடையவை போயின என்று கண்டுபிடிப்பதற்கென்றே அமெரிக்காவில் ஓர் ஆய்வுத் துறை வளர்ந்திருக்கிறது. அரசியல் அறிவியல் மாணவர்களும் தேர்தல் நடைமுறையில் அக்கறை உள்ளவர்களும் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இயந்திரத்தைச் சோதிக்கப் பொறியாளர் போதாதா? அரசியல் அறிவியலாளர் எதற்கு?

பொறியாளர் ஆய்வகத்தில் ஆயிரம் முறை பொத்தானை அழுத்துவார். ஆயிரமும் சரியாகப் பதிந்தால் இயந்திரம் தேறிவிட்டது. அதே இயந்திரம் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்த முதியவரிடமும், பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்களே என்று பதறுகிற இளைஞரிடமும், முதல் தடவை வாக்களிக்கிறவரிடமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆய்வகம் சொல்லாது. லட்சக்கணக்கானவர்கள் உண்மையில் வாக்களித்த பிறகு விழுந்த எண்களில்தான் அது தெரியும். அந்த எண்களைப் படிப்பது அரசியல் அறிவியலாளரின் கைத்தொழில்.

இன்னொரு காரணமும் உண்டு. வாக்கு தொலைவதற்கு இயந்திரம் ஒரு காரணம்தான். சீட்டின் வடிவமைப்பு, வாக்காளர் பட்டியல், சாவடியில் நிற்கும் வரிசை, அஞ்சல் வாக்கு விதிகள் ஆகியவற்றிலும் வாக்கு தொலைகிறது. எதில் எவ்வளவு என்று அளக்காமல் புது இயந்திரம் வாங்கினால், பணம் ஒரு பக்கம் போகும், வாக்கு இன்னொரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தத் துறை எப்போது தொடங்கியது?

2000 நவம்பர் 7 அன்று நடந்த அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் முடிவு தெரியாமல் நாடு ஐந்து வாரம் காத்திருந்தது. ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே கடைசியில் நின்ற வித்தியாசம் 537. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. அந்த மாதமே கால்டெக், எம்.ஐ.டி. என்ற இரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களான டேவிட் பால்டிமோரும் சார்லஸ் வெஸ்ட்டும் சேர்ந்து 'கால்டெக்-எம்.ஐ.டி. வாக்குப்பதிவுத் தொழில்நுட்பத் திட்டம்' என்ற கூட்டு முயற்சியை அறிவித்தார்கள். கார்னகி அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஸ்டீபன் ஆன்சொலபிஹேர், சார்லஸ் ஸ்டூவர்ட், மைக்கேல் அல்வரெஸ் போன்ற அரசியல் அறிவியலாளர்களும் ரொனால்ட் ரிவெஸ்ட் போன்ற குறியாக்க நிபுணர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

2001 ஜூலையில் வந்த அவர்களுடைய அறிக்கை, 2000 தேர்தலில் 40 முதல் 60 லட்சம் வாக்குகள் தொலைந்ததாக மதிப்பிட்டது. இதில் இயந்திரக் கோளாறும் குழப்பமான சீட்டும் சேர்ந்து கொண்டுபோனது 15 முதல் 20 லட்சம். வாக்காளர் பதிவில் நடந்த குளறுபடி 15 முதல் 30 லட்சம். வரிசை, இடம் மாறிய சாவடி போன்ற நிர்வாகக் குறைகளால் 10 லட்சம் வரை. ஃபுளோரிடாவின் குழப்பத்துக்குக் காரணமென்று, குச்சியால் துளையிட்டு வாக்களிக்கும் துளையட்டையை நாடு முழுவதும் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டியலில் தொலைந்தது அதற்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்கலாம் என்று இந்தக் கணக்கு சொன்னது.

வாக்கு தொலைந்ததை எப்படி அளக்கிறார்கள்? ரகசிய வாக்காயிற்றே?

யார் வாக்கு என்று தெரியாது. எத்தனை என்று தெரியும். அடிப்படை அளவுகோல் 'பதிவாகாத வாக்கு விகிதம்'. ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவான மொத்தச் சீட்டுகளிலிருந்து அதிபர் பதவிக்கு விழுந்த செல்லும் வாக்குகளைக் கழித்து, மிச்சத்தை மொத்தச் சீட்டுகளால் வகுக்க வேண்டும். 50,000 சீட்டில் அதிபருக்கு 49,000 வாக்குதான் என்றால் விகிதம் 2 சதவீதம். இந்த 1,000 சீட்டில் இரண்டு பேருக்குக் குறியிட்டதும் இருக்கும், குறியே இல்லாததும் இருக்கும், குறியிட்டும் இயந்திரம் படிக்காததும் இருக்கும்.

சிலர் வேண்டுமென்றே வெறுமையாக விடுவார்கள் என்பது உண்மை. அதிபர் தேர்தலில் அப்படிச் செய்பவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் சீட்டின் உச்சியில் இருக்கும் பதவியை வைத்தே இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். கீழே இருக்கும் மாவட்ட நீதிபதி தேர்தலை வைத்துப் போட்டால், ஆர்வமில்லாமல் விட்டவர்களையும் இயந்திரம் விழுங்கியதையும் பிரிக்க முடியாது.

1988 முதல் 2000 வரையிலான அதிபர் தேர்தல்களில் அந்தக் குழு கண்ட சராசரி: துளையட்டை 2.5 சதவீதம், மின்னணு நேரடிப் பதிவு இயந்திரம் 2.3, கையால் எண்ணும் காகிதச் சீட்டு 1.8, ஸ்கேனரில் படிக்கும் காகிதச் சீட்டும் பழைய நெம்புகோல் இயந்திரமும் தலா 1.5. மின்னணு இயந்திரம் துளையட்டைக்குப் பக்கத்தில் நின்றதை அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

சராசரியை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஏழைக் கவுண்டிகளில் பழைய இயந்திரம் இருக்கும். அங்கே விகிதம் கூடினால் அது இயந்திரத்தாலா வறுமையாலா? இதைப் பிரிக்க ஒரே கவுண்டியை இயந்திரம் மாறுவதற்கு முன்னும் பின்னும் பார்த்து, அதே ஆண்டுகளில் இயந்திரம் மாறாத கவுண்டிகளோடு ஒப்பிட வேண்டும். மக்கள் அப்படியே இருக்க, இயந்திரம் மட்டும் மாறிய இடத்தில் கிடைக்கும் வித்தியாசத்துக்குத்தான் மதிப்பு.

கணக்கில் விகிதம் மைனஸில் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். செல்லும் வாக்கு மொத்தச் சீட்டைவிடக் கூடுதலாக இருக்க முடியாது. பெரும்பாலும் மொத்தச் சீட்டில் அஞ்சல் வாக்கைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்தானது: சீட்டில் அச்சாகாத பெயரை வாக்காளரே கைப்பட எழுதிப் போட்ட வாக்கைக் கூட்டத் தவறினால் விகிதம் வீங்கும், பார்ப்பதற்குச் சந்தேகமே வராது.

துளையட்டையில் அப்படி என்னதான் கோளாறு?

வாக்காளர் அட்டையைக் கருவியின் பிளவுக்குள் செருகி, மேலே இருக்கும் இரண்டு ஊசிகளில் அதன் துளைகளை மாட்ட வேண்டும். பிறகு பெயர்ப் புத்தகத்துக்கு நடுவே தெரியும் ஓட்டையில் ஒரு குச்சியால் குத்த வேண்டும். ஏற்கெனவே வெட்டுக்கோடு போட்ட சிறு செவ்வகத் துணுக்கு கீழே விழ வேண்டும்.

அட்டை ஊசியில் சரியாக உட்காராவிட்டால் குத்து இடம் மாறும். தேர்தல் தேர்தலாக உள்ளே சேர்ந்த துணுக்குகளைக் கொட்டாமல் விட்டாலோ அடியில் இருக்கும் ரப்பர் பட்டை இறுகிப்போனாலோ துணுக்கு முழுசாக விழாமல் ஒரு மூலையில் தொங்கும், அல்லது குழிந்த தடம் மட்டும் இருக்கும். தொங்கும் துணுக்கு எண்ணும் இயந்திரத்துக்குள் போகும்போது மூடிக்கொள்ளலாம், திறந்துகொள்ளலாம், விழுந்தேவிடலாம். அதனால் அதே அட்டைகளை இரண்டாம் முறை ஓட்டினால் வேறு எண்ணிக்கை வந்தது. எந்தத் துணுக்கை வாக்காக ஏற்பது என்பதற்கு ஃபுளோரிடாவின் கவுண்டிகளிடையே ஒரே விதி இல்லை. உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்த ஓட்டையைத்தான்.

பாம் பீச் 'பட்டாம்பூச்சிச் சீட்டு' உண்மையிலேயே முடிவை மாற்றியதா? அதை எப்படி நிரூபிக்க முடியும்?

இந்தத் துறையில் நுழைகிற ஒவ்வொருவரும் விரிவாகப் படிக்க வேண்டிய வழக்கு இது.

பாம் பீச் கவுண்டியில் வேட்பாளர் பட்டியல் நீளமாக இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் முதியவர்களுக்கு உதவும் என்று பெயர்களை இடது பக்கம், வலது பக்கம் என இரண்டாகப் பிரித்து, குத்தும் துளைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். இடது பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். ஆனால் நடுவரிசையில் கோருக்கு உரிய துளை மூன்றாவதாக வந்தது. இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த சீர்திருத்தக் கட்சி வேட்பாளர் பேட் புக்கானனுடையது. இடது பக்கத்தை மட்டும் படித்து, இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்று குத்தியவர் வாக்கு புக்கானனுக்குப் போனது.

அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு முதல் எண்ணிக்கையில் 3,407 வாக்குகள். மாநிலத்தில் அவருக்கு அடுத்த அதிகமாகக் கிடைத்த பினெல்லஸ் கவுண்டியில் 1,013. இது சந்தேகத்தைக் கிளப்புகிறது, ஆனால் சான்றாகாது. அங்கே அவருக்கு நிஜமாகவே ஆதரவாளர்கள் அதிகமாக இருந்திருக்கலாமே?

ஆறு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அழகான வழி கண்டது. அதே கவுண்டியில் அஞ்சலில் வாக்களித்தவர்களுக்குப் பட்டாம்பூச்சி வடிவம் தரப்படவில்லை. ஊர் ஒன்று, வேட்பாளர்கள் அவர்களே, சீட்டு மட்டும் வேறு. அஞ்சல் வாக்கில் புக்கானன் பெற்றது ஆயிரத்துக்கு சுமார் 2. தேர்தல் நாளில் சாவடியில் பெற்றது ஆயிரத்துக்கு சுமார் 8.5. இப்படி ஒரு பிளவு ஃபுளோரிடாவின் மற்ற கவுண்டிகளில் இல்லை. அடுத்து, தனித்தனிச் சீட்டின் பதிவுகளை எடுத்து, செனட் பதவிக்கு ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவர்களைப் பார்த்தார்கள். சாவடியில் வாக்களித்த அவர்களில் புக்கானனுக்கும் குத்தியவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம். முடிவில், கோருக்கு வாக்களிக்க நினைத்த 2,000-க்கும் மேற்பட்டவர்களின் வாக்கு புக்கானனுக்கு விழுந்தது என்று கணித்தார்கள். மாநில வித்தியாசம் 537.

இது போக, இரண்டு துளை குத்திச் செல்லாததான சீட்டுகள் அந்த ஒரு கவுண்டியில் 19,000-க்கும் மேல். தப்பாகக் குத்திவிட்டோம் என்று தெரிந்து பக்கத்துத் துளையையும் குத்தியவர்கள் இதில் கணிசமானவர்கள். இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. பக்க அமைப்பு ஒன்றே இத்தனையையும் செய்தது.

அதன் பிறகு சட்டம் என்ன மாற்றியது?

2002 அக்டோபர் 29 அன்று 'ஹாவா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வாக்களிப்பு உதவிச் சட்டம் கையெழுத்தானது. துளையட்டையையும் நெம்புகோலையும் மாற்ற மத்திய அரசு பணம் கொடுத்தது. மாநிலத்துக்கு ஒரே கணினி வாக்காளர் பட்டியல், பெயர் விடுபட்டவருக்குத் தற்காலிகச் சீட்டு, சாவடிதோறும் மாற்றுத்திறனாளிகள் தனியாக வாக்களிக்கக்கூடிய ஒரு கருவி ஆகியவை கட்டாயமாயின. தேர்தல் உதவி ஆணையமும் பிறந்தது.

பலன் எண்ணில் தெரிந்தது. நாடு தழுவிய பதிவாகாத வாக்கு விகிதம் 2000-இல் சுமார் 1.9 சதவீதம், 2004-இல் சுமார் 1.1. இதில் பெரும் பங்கு சாவடியிலேயே வைக்கும் ஸ்கேனருக்கு உரியது. வாக்காளர் சீட்டை உள்ளே விட்டதும், ஒரே பதவிக்கு இரண்டு குறி இருந்தால் அது திருப்பித் தள்ளும்; அங்கேயே புதுச் சீட்டு வாங்கித் திருத்திக்கொள்ளலாம். அதே ஸ்கேனரைத் தலைமையகத்தில் வைத்து எண்ணினால் இந்த வாய்ப்பு இல்லை. கருவி வாங்குவதைப் போலவே, அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

தொடுதிரை வந்த பிறகு இந்தப் பிரச்சினை முடிந்திருக்க வேண்டுமே?

தொடுதிரையில் இரண்டு பேருக்கு வாக்களிக்க முடியாது. ஆனால் ஒரு போட்டியைப் பார்க்காமலே தாண்டிவிட முடியும். 2006-இல் ஃபுளோரிடாவின் 13-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் வித்தியாசம் 369 வாக்குகள். அந்தத் தொகுதியின் சரசோட்டா கவுண்டியில் மட்டும் சுமார் 18,000 பேரின் வாக்கு அந்தப் போட்டிக்குப் பதிவாகவே இல்லை. தொடுதிரையில் வாக்களித்தவர்களில் ஏழில் ஒருவர் அளவுக்கு விடுபட்டது. அதே கவுண்டியின் அஞ்சல் வாக்கில் சுமார் 2.5 சதவீதம்தான்.

மென்பொருள் திருட்டு என்றார்கள் பலர். திரையைப் பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கிறது. இரண்டே பெயர் கொண்ட நாடாளுமன்றப் போட்டி திரையின் உச்சியில் ஒடுங்கியிருந்தது. அதற்குக் கீழே வண்ணத் தலைப்புப் பட்டை, அதன் கீழ் ஆளுநர் தேர்தலின் நீண்ட பட்டியல். கண் நேராகப் பட்டைக்குக் கீழே போய்விட்டது. பக்கத்துச் சார்லட் கவுண்டியில் வேறொரு போட்டி இதே மாதிரி மாட்டிக்கொண்டபோது அங்கும் வெற்று வாக்கு குவிந்தது. இந்த ஒப்பீடுதான் பழியை வடிவமைப்பின் மேல் வைக்கிறது.

ஆனால் காகிதம் இல்லாததால் எதையும் திரும்ப எண்ணிப் பார்க்க முடியவில்லை. தோற்றவருக்கு நம்பத்தக்க பதிலை யாராலும் தர முடியவில்லை. அடுத்த ஆண்டே ஃபுளோரிடா காகிதச் சீட்டுக்குத் திரும்பச் சட்டம் போட்டது.

வரிசையை ஆராய்வதில் என்ன இருக்கிறது? கருவிகளைக் கூட்டினால் போதாதா?

எதைக் கூட்டுவது என்பதில்தான் விஷயம். 2012-இல் ஃபுளோரிடாவின் சீட்டில் 11 அரசியல் சட்டத் திருத்தங்கள் அச்சாகியிருந்தன. படித்து முடிக்கவே நேரம் பிடித்தது. அங்கே தேவைப்பட்டது, வாக்காளர் நின்று சீட்டில் குறியிடும் மறைப்புகள். வேறு இடத்தில் பெயர் சரிபார்க்கும் மேசைதான் நெரிசல். அதை விட்டுவிட்டு ஸ்கேனர் வாங்கினால் வரிசை ஒரு அடி கூட நகராது.

கணக்கைப் பாருங்கள். ஒருவரைச் சரிபார்க்கச் சராசரி ஒரு நிமிடம், மேசை ஒன்று. மணிக்கு 50 பேர் வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். மணிக்கு 57 பேர் வந்தால்? கூடியது 7 பேர்தான். காத்திருப்பு 19 நிமிடமாகிறது. மேசையின் திறனான 60-ஐ நெருங்க நெருங்க வரிசை நேர்க்கோட்டில் வளராது, பாய்ந்து வளரும். இரண்டாவது மேசையைப் போட்டு இரண்டுக்கும் ஒரே பொது வரிசை விட்டால் அதே 57 பேருக்குக் காத்திருப்பு அரை நிமிடம்கூட இல்லை. "வாக்காளர் கொஞ்சம்தான் கூடினார்கள்" என்று அலுவலர்கள் உண்மையைச் சொல்லும்போதும் வரிசை தெருவரை நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அளப்பதும் எளிது. மணிக்கு ஒரு முறை வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிக் குறியுங்கள்; அந்த மணியில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதால் வகுங்கள். 40 பேர் நிற்கிறார்கள், மணிக்கு 80 பேர் முடிக்கிறார்கள் என்றால் காத்திருப்பு அரை மணி. 2014 ஜனவரியில் அறிக்கை தந்த அதிபர் ஆணையம் யாரும் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒபாமா பக்கத்து வழக்கறிஞர் ராபர்ட் பாவரும் ராம்னி பக்கத்து வழக்கறிஞர் பென் கின்ஸ்பர்க்கும் சேர்ந்து தலைமை தாங்கிய ஆணையம் அது என்பதால் அந்த எண்ணை இரு கட்சியினரும் எடுத்துக்கொண்டார்கள்.

முடிவு சரிதான் என்று எப்படித் தணிக்கை செய்கிறார்கள்?

இன்றைக்குச் சிறந்த வழி, தவறான முடிவு நழுவிப்போகும் ஆபத்துக்கு முன்கூட்டியே வரம்பு கட்டும் தணிக்கை. பெர்க்லியைச் சேர்ந்த புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் வகுத்தது. மாநில அளவில் முதலில் செய்தது கொலராடோ, 2017-இல்.

முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சீட்டு என்ற இருப்புப் பட்டியல் தயாராக வேண்டும். பிறகு பொதுமக்கள் முன்னிலையில் பத்து முகப் பகடையை 20 முறை உருட்டி ஓர் எண்ணை உருவாக்குவார்கள். எந்தச் சீட்டுகளை எடுப்பது என்பதை அந்த எண்ணைக் கொண்டு கணினி தேர்ந்தெடுக்கும். சூத்திரம் பொதுவில் இருப்பதால் யாரும் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். இரு கட்சியையும் சேர்ந்த இணை அந்தச் சீட்டை எடுத்து, இயந்திரம் என்ன படித்தது என்று தெரியாமலே, தாங்கள் படித்ததைப் பதிவு செய்யும். ஒப்பீடு அதன் பிறகுதான்.

எத்தனை சீட்டு வேண்டும் என்பது வெற்றி வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆபத்து வரம்பு 5 சதவீதம், வித்தியாசம் 2 சதவீதம் என்றால், சீட்டுக்குச் சீட்டு ஒப்பிடும் முறையில் பிழை எதுவும் வராத பட்சத்தில் சுமார் 312 சீட்டு போதும். தனிச் சீட்டின் இயந்திரப் பதிவு இல்லாமல் காகிதத்தை மட்டும் மாதிரி எடுத்தால் அதே வித்தியாசத்துக்குச் சுமார் 15,000 எடுக்க வேண்டிவரும். வாங்கும் ஸ்கேனர், சீட்டை அதன் இயந்திரப் பதிவோடு பொருத்திப் பார்க்க உதவும் எண்ணைச் சீட்டில் அச்சிடுமா என்று விலைப்புள்ளி கேட்கும்போதே விசாரிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் அற்பமானவை. ஸ்கேனரில் காகிதம் சிக்கி மறுபடி ஓட்டும்போது வரிசை ஒன்று தள்ளிப்போகும். 137-ஆவது சீட்டு என்று எடுத்தது 138 ஆகிவிடும், அதற்குப் பின்னால் எல்லாமே பொருந்தாது. பெட்டியில் 250 என்று எழுதியிருக்க 249 இருக்கும். இவை மோசடி அல்ல, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிவைக்காமல் தாண்டக் கூடாது.

2020-இல் ஜார்ஜியாவில் அதிபர் தேர்தலின் வித்தியாசம் மிகக் குறுகலாக இருந்ததால், மாதிரி எடுப்பதற்குப் பதில் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். வெற்றியாளர் மாறவில்லை. ஆனால் ஃபிளாய்ட் கவுண்டியில் ஸ்கேன் செய்யாமலே விடப்பட்ட சுமார் 2,600 சீட்டுகளும், ஃபயட் கவுண்டியில் மெமரி கார்டிலிருந்து ஏற்றப்படாமல் கிடந்த 2,700-க்கும் மேற்பட்ட வாக்குகளும் வெளியே வந்தன. தணிக்கையின் அருமை இதில் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. காகிதம் வாக்காளர் நினைத்ததைக் காட்டினால்தான் தணிக்கைக்கு அர்த்தம். திரையில் தொட்டதை அச்சிட்டுத் தரும் கருவியை வைத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் நடத்திய மாதிரித் தேர்தலில், வேண்டுமென்றே ஒரு வாக்கை மாற்றி அச்சிட்டார்கள். அலுவலரிடம் தவறைச் சொன்னவர்கள் 6.6 சதவீதம் மட்டுமே.

வாக்காளர் பட்டியலில் இரட்டைப் பதிவைக் கணினி பிடித்துவிடாதா?

பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால் ஒரே ஆள் என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. 23 பேர் இருக்கும் அறையில் இருவரின் பிறந்த நாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பே பாதிக்கு மேல். கோடிக்கணக்கான பதிவில் ஒரே பெயரும் ஒரே முழுத் தேதியும் கொண்ட வெவ்வேறு ஆட்கள் ஏராளமாக வருவார்கள். மாநிலங்களிடையே பட்டியலை ஒப்பிட்ட ஒரு திட்டத்தை 2020-இல் வெளிவந்த ஆய்வு அலசியது. அதன் ஒரு நீக்க முறையைப் பின்பற்றினால், தடுக்கப்படும் ஒவ்வொரு இரட்டை வாக்குக்கும் சுமார் 300 நேர்மையான வாக்குகளுக்கு இடைஞ்சல் வரும் என்று அது கண்டது. பெயரை நீக்கும் முன் கையெழுத்து, முகவரி, அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள் என்று இன்னொரு சான்றாவது பார்க்க வேண்டும்.

இப்படி ஒருவரின் தொழில் வாழ்க்கை எப்படி அமையும்?

நேர்வழி கிடையாது. சார்லஸ் ஸ்டூவர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் முடித்து 1985-இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர். அவருடைய அப்போதைய ஆய்வு அமெரிக்க நாடாளுமன்றமும் வரவுசெலவுத் திட்டமும். 2000-க்குப் பிறகு வாக்கு இயந்திரங்கள் பக்கம் வந்தார். 2008 முதல் மாநிலத்துக்கு 200 வாக்காளர்களிடம் "எவ்வளவு நேரம் நின்றீர்கள், கருவி வேலை செய்ததா, பெயர் இருந்ததா" என்று கேட்கும் தேசியக் கணக்கெடுப்பை நடத்தினார். 2017-இல் எம்.ஐ.டி.யின் தேர்தல் தரவு ஆய்வகத்தைத் தொடங்கினார். முதலில் கருவி, அடுத்து வாக்காளரின் அனுபவம், பிறகு எல்லாருக்கும் தரவு: அந்தத் துறை நகர்ந்த திசையும் இதுதான்.

புள்ளியியலும் 'ஆர்' மென்பொருளும் கட்டாயம். அதற்குச் சமமாகத் தேர்தல் சட்டத்தை வரிவரியாகப் படிக்கும் பொறுமை வேண்டும்; ஒரு மாநிலத்தில் 'பதிவான வாக்கு' என்பதற்கு உள்ள பொருள் பக்கத்து மாநிலத்தில் இல்லை. வாய்ப்பு கிடைத்தால் சாவடியில் ஒரு நாள் முழுக்க வேலை பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு அங்கே வாக்காளராக இருக்க வேண்டும் என்பதால், இங்கிருந்து படிக்கப் போகிறவர்கள் பார்வையாளராக அனுமதி கேட்கலாம். இயந்திர நிறுவனங்களிடம் ஆய்வுப் பணம் வாங்காதீர்கள். சந்தையில் பெரிய நிறுவனங்கள் மூன்றுதான். நாளை உங்கள் கண்டுபிடிப்பு அவற்றில் ஒன்றுக்குச் சாதகமாக இருந்தால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்திய மின்னணு இயந்திரத்துக்கு இந்த அளவுகோல்கள் பொருந்துமா?

பாதி பொருந்தும். நம் இயந்திரத்தில் இரண்டு பேருக்கு வாக்களிக்க முடியாது. 2013-இலிருந்து நோட்டாவும் தனி வாக்காகப் பதிவாகிறது. ஆகவே பதிவாகாத வாக்கு விகிதம் இங்கே அதிகம் சொல்லாது. சீட்டு வடிவமைப்புப் பாடம் நமக்கு வேறு விதத்தில் தெரிந்ததுதான்: 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றபோது வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சானது.

தணிக்கை விஷயத்தில் பாடம் நேரடியானது. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 விவிபேட் இயந்திரங்களின் சீட்டை எண்ணச் சொன்னது. வித்தியாசம் 300 வாக்கானாலும் 3 லட்சமானாலும் அதே 5. ஒரு தொகுதியில் 300 சாவடி, அதில் 3 இயந்திரம் பழுது என்று வைத்துக்கொண்டால், 5 எடுக்கும்போது அவற்றில் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த ஒரு மக்களவைத் தொகுதியில் இதே அளவு பழுதுக்கு அது ஏறத்தாழ 26 சதவீதமாகும். தவறு நடந்தது என்று இது சொல்லவில்லை. நெருக்கமான தொகுதியில் அதிகமாகவும், பெரிய வித்தியாசத்தில் குறைவாகவும் எண்ணும்படி விதியை மாற்றினால் உழைப்பு கூடாமலே நம்பிக்கை கூடும் என்பது எங்கள் கருத்து.

முதல் ஆய்வுக்கு எதை எடுக்கலாம்? தரவு எங்கே?

ஒரே ஒரு மாநிலம், இரண்டு அதிபர் தேர்தல், கவுண்டிவாரியாகப் பதிவாகாத வாக்கு விகிதம். அவ்வளவு போதும். முடிவுகள் மாநிலச் செயலர் அலுவலகத்தின் தளத்தில் கிடைக்கும். மொத்தச் சீட்டு எண்ணிக்கைக்குத் தேர்தல் உதவி ஆணையம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் கணக்கெடுப்பு உண்டு, 2004 முதல்.

அந்தக் கணக்கெடுப்பில் காலியாக விட்டது வேறு, பூஜ்யம் வேறு; இரண்டையும் ஒன்றாக்கினால் ஆய்வு பாழ். விஸ்கான்சின் கவுண்டிவாரியாக அல்ல, நகராட்சிவாரியாகத் தரும். நீங்கள்தான் கூட்ட வேண்டும். கவுண்டிக் குறியீட்டு எண்ணை எக்செல்லில் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிடும். அலபாமாவின் 01 வெறும் 1 ஆகி, இணைக்கும்போது கவுண்டிகள் காணாமல் போகும். முதலிலேயே அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக மாற்றிவிடுங்கள்.

எண் பொருந்தாத கவுண்டிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எந்த எண் என்று குறிப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தேர்தல் ஆண்டில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கேட்காதீர்கள். அந்த அலுவலகத்தில் மூச்சு விட நேரமிருக்காது. பிப்ரவரியில் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும், கூடவே அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்ற விளக்கமும் வரும்.